கிரீன்ஸ்பர்க்: காற்று அழித்த ஊர் எதை முதலில் கட்டியது?

2007 மே 4, வெள்ளிக்கிழமை இரவு 9.19. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் டாட்ஜ் சிட்டி வானிலை அலுவலகம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. டொர்னேடோ எனும் சுழல்காற்றுக்கான வழக்கமான எச்சரிக்கை ஏற்கெனவே அமலில் இருந்தது. இது அதற்கும் மேலே: ‘டொர்னேடோ அவசரநிலை’. அந்த அலுவலகம் அடிக்கடி எடுக்கும் சொல் அல்ல அது. ரேடாரில் தெரிந்த சுழல் தெற்கிலிருந்து வடக்காக, நேரே ஒரு சின்ன ஊரை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. ஊரின் பெயர் கிரீன்ஸ்பர்க்.

ஊரில் சைரன் அலறியது. ஆட்கள் வீட்டுக்கு அடியில் இருந்த நிலவறைகளில் இறங்கினார்கள். இருபது நிமிடத்துக்கும் மேல் அவகாசம் கிடைத்தது. சுமார் 9.45க்குக் காற்று ஊருக்குள் நுழைந்தது. உள்ளே பதுங்கியிருந்தவர்கள் பலரும் பின்னால் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள்: முதலில் காது அடைத்தது, பிறகு வலித்தது. காற்றழுத்தம் அவ்வளவு வேகமாக இறங்கியிருக்கிறது. அப்புறம் தலைக்கு மேலே வீடு பிய்ந்து போகும் சத்தம்.

சுழலின் அகலம் 1.7 மைல். ஊரே அவ்வளவு அகலம் கிடையாது. அதனால் ஒரு தெரு போய் அடுத்த தெரு தப்பியது என்ற கதைக்கு இங்கே இடமில்லை. ஊரின் 95 சதவீதம் போய்விட்டது. பள்ளி, மருத்துவமனை, நகராட்சி அலுவலகம், தேவாலயங்கள், ஊருக்குச் சொந்தமான மின்நிலையம், கடைவீதி எல்லாம் போயிற்று. விடிந்தபோது மரங்களில் இலை இல்லை, கிளை இல்லை, பல மரங்களில் பட்டைகூட இல்லை. உரித்த கம்பு போல வெள்ளையாக நின்றன. கான்கிரீட் தானியக் கோபுரம் மட்டும் உயரமாக நின்றது. 1914இல் கட்டிய கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) நீதிமன்றம் அடிபட்டாலும் விழவில்லை.

டொர்னேடோவின் பலத்தை அளக்கும் அளவுகோலை அமெரிக்கா அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் திருத்தி அமைத்திருந்தது. புதிய அளவுகோலின் உச்சப் படியான இஎஃப்5 முதன்முதலாகப் பதிவானது இந்த ஊரில். காற்றின் வேகம் மணிக்கு 205 மைல் என்று கணித்தார்கள். இறந்தவர்கள் பத்துக்கும் மேற்பட்டவர்கள். ஒவ்வொருவரும் ஒரு குடும்பத்தின் இழப்பு, அதைக் குறைத்துச் சொல்ல மனம் வரவில்லை. ஆனால் இரவு நேரம், கிட்டத்தட்ட 1,500 பேர் வாழ்ந்த ஊர் முழுவதும் தரைமட்டம் என்று நினைத்துப் பார்த்தால், சாவு நூற்றுக்கணக்கில் போகாமல் காத்தது அந்த 9.19 அறிவிப்பும் சைரனும் நிலவறைகளும்தான்.

இந்தப் பேரழிவுக்குப் பிறகு நடந்ததுதான் கிரீன்ஸ்பர்க்கை உலகத்துக்குத் தெரிய வைத்தது. ‘பசுமை நகரம்’ என்று பேர் எடுத்தது. பசுமை என்ற அந்த ஒரு சொல்லோடு நின்றுவிட்டால் இந்த ஊரின் கதையில் பாதி தவறிவிடும் என்று நினைக்கிறேன். புயல் வந்தபோதே இது தேய்ந்துகொண்டிருந்த ஊர். தேயும் ஊர் ஒன்று, தான் எதற்காக இருக்கிறது என்று கூடி உட்கார்ந்து கேட்டுக்கொண்டதும், அதற்குக் கிடைத்த விடையும், அந்த விடை யாரையெல்லாம் எட்டவில்லை என்பதும்தான் நாம் பார்க்க வேண்டியவை.

கிணறும் கல்லும்

தென்மேற்கு கான்சஸ் சமவெளியில், கோதுமை வயல்களுக்கும் மாட்டுப் பண்ணைகளுக்கும் நடுவே, 54ஆம் எண் நெடுஞ்சாலையில் இருக்கிறது கிரீன்ஸ்பர்க். கயோவா கவுண்டியின் தலைமையிடம். கிழக்கே சுமார் 30 மைலில் பிராட் என்ற ஊர், அதற்கும் கிழக்கே இரண்டு மணி நேரப் பயணத்தில் விச்சிட்டா நகரம். ஊர்ப்பெயரில் ‘கிரீன்’ வந்தது பசுமையால் அல்ல. அந்தக் காலத்தில் குதிரை வண்டிச் சேவை நடத்திய டி. ஆர். கிரீன் என்பவரின் பெயர் அது. வண்டி ஓட்டும் வேகத்துக்காக அவரைப் ‘பீரங்கிக் குண்டு’ கிரீன் என்று அழைத்தார்கள்.

புயலுக்கு முன் இந்த ஊரைப் பற்றி வெளியாட்களுக்குத் தெரிந்தது ஒரு கிணறு. ரயில் எஞ்சினுக்கும் ஊருக்கும் தண்ணீர் வேண்டும் என்று 1887இல் தோண்டத் தொடங்கி 1888இல் முடித்தார்கள். 109 அடி ஆழம், 32 அடி விட்டம். இயந்திரம் இல்லை. கடப்பாரை, மண்வெட்டி, கயிறு, உருளை, மனிதக் கை. சுற்றுச்சுவர் கட்டுவதற்கான கல்லைத் தெற்கே பல மைல் தள்ளியிருந்த மெடிசின் ஆற்றுப் பக்கமிருந்து மாட்டு வண்டி, குதிரை வண்டிகளில் கொண்டு வந்தார்கள். உலகத்திலேயே கையால் வெட்டிய மிகப் பெரிய கிணறு இதுதான் என்பது ஊர்க்காரர்களின் பெருமை. 1932 வரை ஊர் இதிலிருந்து தண்ணீர் குடித்தது. பிறகு இது சுற்றுலா இடமாயிற்று. பக்கத்திலேயே ஓர் அருங்காட்சியகம், அதில் 1949இல் அருகிலிருந்த நிலத்தில் கிடைத்த, ஏறத்தாழ 1,000 பவுண்டு எடையுள்ள விண்கல்.

அந்த விண்கற்களுக்குப் பின்னால் ஒரு பெண் இருக்கிறார். எலைசா கிம்பர்லி. 1880களில் கணவரோடு இங்கே குடியேறி உழுதவர். வயலில் ஏரைத் தட்டும் கருப்புக் கற்கள் அளவுக்கு மீறிக் கனப்பதைப் பார்த்தார். வானத்திலிருந்து விழுந்தவை என்று அவருக்குத் தோன்றியது. மற்றவர்கள் சிரித்தாலும் விடாமல் பொறுக்கிக் குவித்து வைத்தார். 1890இல் புவியியல் பேராசிரியர் ஒருவர் வந்து பார்த்து, அவர் சொன்னது சரி என்றார். கல் விற்ற பணம் குடும்பத்துக்கு நிலமாயிற்று. இந்த ஊரைப் பற்றி எழுதும்போது அவரை விட்டுவிட்டு எழுத எனக்கு மனமில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். 1960இல் ஊரின் மக்கள்தொகை ஏறக்குறைய 2,000. 1990இல் 1,792. 2000இல் 1,574. சண்டையோ பஞ்சமோ இல்லை. டிராக்டர் பெரிதாகப் பெரிதாக ஆயிரக்கணக்கான ஏக்கரை இரண்டு பேர் பார்த்துக்கொள்ள முடிந்தது. பண்ணைகள் ஒன்றோடொன்று சேர்ந்தன, குடும்பங்கள் குறைந்தன. பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரிக்குப் போனார்கள், அங்கேயே வேலை பார்த்து அங்கேயே தங்கினார்கள். பள்ளியில் தலை குறைந்தது. கடைகள் மூடின. நடுமேற்கு அமெரிக்காவின் நூற்றுக்கணக்கான ஊர்களுக்கு இதே கதைதான்.

கூடாரத்துக்குள்

ஊர் முழுவதையும் வெளியேற்றிவிட்டார்கள். மக்கள் பக்கத்து ஊர்களின் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் சிதறிக் கிடந்தார்கள். அப்புறம் மத்திய அரசின் பேரிடர் முகமை, ஃபீமா, ஊருக்கு வெளியே வரிசை வரிசையாகத் தற்காலிக வீடுகளைக் கொண்டுவந்து நிறுத்தியது. அங்கே குடியிருந்தவர்கள் அதற்கு ‘ஃபீமாவில்’ என்று, ‘வில்’ என முடியும் ஆங்கில ஊர்ப்பெயர் போலவே பேர் வைத்தார்கள்.

கூட்டம் போட ஊரில் ஒரு கூரைகூடக் கிடையாது. அதனால் பெரிய கூடாரம் ஒன்றை அடித்தார்கள். அதற்குள் நூற்றுக்கணக்கில் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். இந்த நிகழ்வில் என்னை மிகவும் தொட்ட இடம் இதுதான். வீடு போனவர்கள், இன்சூரன்ஸ் ஆளுக்காகக் காத்திருப்பவர்கள், நேற்றுதான் ஒருவரைப் புதைத்தவர்கள். அவர்கள் வந்து கேட்ட கேள்வி வெறும் ‘எப்போது கட்டுவது’ அல்ல. ‘கட்டத்தான் வேண்டுமா, கட்டினால் யாருக்காக’ என்ற கேள்வியும் அங்கே எழுந்தது. தேய்ந்துகொண்டிருந்த ஊரை அப்படியே மறுபடி கட்டினால் அது மறுபடி தேயும் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

பசுமையாகக் கட்டலாம் என்ற யோசனையை ஆரம்பத்திலேயே வைத்தவர் அப்போதைய மேயர் லோனி மெக்கல்லம். மாநில ஆளுநர் கேத்லீன் செபீலியஸ் அதை ஆதரித்தார். நகராட்சி நிர்வாகி ஸ்டீவ் ஹியூவிட் கையில் எடுத்து நடத்தினார். பக்கத்து கவுண்டியிலிருந்து வந்த டேனியல் வாலக், ‘கிரீன்ஸ்பர்க் கிரீன்டவுன்’ என்ற தொண்டு அமைப்பைத் தொடங்கி, வீடு கட்டுகிறவர்களுக்கு ஆலோசனை சொல்லும் வேலையை எடுத்துக்கொண்டார்.

எளிதில் ஒப்புக்கொள்ளும் ஊர் அல்ல இது. பெரும்பாலும் குடியரசுக் கட்சிக்கு வாக்களிக்கும் விவசாயிகள். ‘பசுமை’ என்றால் நகரத்துக்காரர்களின் அரசியல் என்ற சந்தேகம் இருந்தது. அது கரைந்ததற்குக் காரணம் பருவநிலை மாற்றம் பற்றிய சொற்பொழிவு அல்ல, சிக்கனம். மின்கட்டணம் பாதியானால் யாருக்குக் கசக்கும்? 2008இல் மேயரான பாப் டிக்சன், ஊரின் முன்னாள் தபால் அதிகாரி, திரும்பத் திரும்ப ஒன்றைச் சொல்லி வந்தார்: இது நமக்குப் புதிதில்லை, இந்தச் சமவெளியில் முதலில் குடியேறிய தாத்தா பாட்டிகள் காற்றையும் வெயிலையும் மண்ணையும் வைத்துத்தான் பிழைத்தார்கள், ஒன்றையும் வீணாக்கியதில்லை. காற்றாடி வைத்துத் தண்ணீர் இறைத்த பண்ணைகளில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பேச்சு புரிந்தது. வெளியிலிருந்து வந்த கொள்கையை ஊர் தன் சொந்த நினைவாக மாற்றிக்கொண்ட இடம் அதுதான். அதில்லாமல் மற்றது எதுவும் நடந்திருக்காது என்பது என் கருத்து.

எழுந்தவை

2007 டிசம்பரில் நகராட்சி ஒரு தீர்மானம் போட்டது. 4,000 சதுர அடிக்கு மேற்பட்ட எந்த நகராட்சிக் கட்டடமும் ‘லீட் பிளாட்டினம்’ தரத்தில் இருக்க வேண்டும். பசுமைக் கட்டடங்களுக்கு அமெரிக்காவில் கொடுக்கும் உச்சத் தரச் சான்று அது. இப்படி ஒரு விதியை எழுதிய முதல் அமெரிக்க ஊர், பெரிய நகரம் எதுவும் இல்லை, நகராட்சி அலுவலகமே தரைமட்டமாகக் கிடந்த கிரீன்ஸ்பர்க்தான்.

ஆனால் முதலில் எழுந்த பிளாட்டினம் கட்டடம் நகராட்சியுடையது அல்ல. கான்சஸ் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை மாணவர்கள், ‘ஸ்டூடியோ 804’ என்ற வகுப்பில், தங்கள் கையாலேயே ஒரு கலைக்கூடத்தைக் கட்டினார்கள். லாரன்ஸ் நகரில் ஏழு துண்டுகளாகச் செய்து, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து பொருத்தினார்கள். பழைய ராணுவ வெடிமருந்து ஆலை ஒன்றைப் பிரித்தபோது கிடைத்த மரத்தைச் சுவருக்குப் பயன்படுத்தினார்கள், அதற்கு மேலே கண்ணாடி. கலைக்கூடத்தின் பெயர் ‘5.4.7’. ஐந்தாம் மாதம், நான்காம் தேதி, 2007. கான்சஸ் மாநிலத்துக்கே முதல் பிளாட்டினம் கட்டடம் அது. கட்டாந்தரையாக இருந்த ஊரில், பல வீடுகள் வருமுன் கலைக்கூடம் வந்தது பலருக்கு விசித்திரமாகப் பட்டிருக்கும். ஆனால் கூடி உட்கார ஓர் இடம் கிடைத்தது, அதுவும் பிள்ளைகள் கட்டிக் கொடுத்த இடம்.

பிறகு வரிசையாக எழுந்தன. நகராட்சி அலுவலகம் வந்தது, இடிபாட்டிலிருந்து பொறுக்கிய செங்கல்லும் அதில் உண்டு. 2010இல் மருத்துவமனை, அதே ஆண்டு பள்ளி. கான்சஸ் சிட்டியின் பிஎன்ஐஎம் கட்டடக்கலை நிறுவனம் ஊருக்கான திட்ட வரைபடத்தையும் முக்கியக் கட்டடங்கள் சிலவற்றையும் வடிவமைத்தது. பகல் வெளிச்சம் உள்ளே வரும்படி ஜன்னல்கள், நிலத்துக்கடியில் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய மாறாமல் இருக்கும் வெப்பத்தைக் குழாய்கள் வழியே எடுத்துக் குளிர்காலத்தில் சூடாக்கவும் கோடையில் குளிர்விக்கவும் ஏற்பாடு, கூரை மழைநீரைச் சேமிக்கும் தொட்டிகள். தெருவிளக்குகள் எல்லாவற்றையும் எல்இடி ஆக்கிய முதல் அமெரிக்க ஊரும் இதுதான். வெளிச்சம் கீழே மட்டும் விழும்படி அமைத்தார்கள், அதனால் சமவெளியின் நட்சத்திரங்கள் மறையவில்லை.

ஊரை அழித்தது காற்று, ஊருக்கு மின்சாரம் தருவதும் இப்போது காற்றுதான். ஊருக்கு வெளியே 10 காற்றாலைகள், ஒவ்வொன்றும் 1.25 மெகாவாட், மொத்தம் 12.5. நம் நாட்டு சுஸ்லான் நிறுவனத்தின் இயந்திரங்கள் அவை. ஊரின் தேவையைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால் மிச்சம் வெளியே போகிறது. தேசியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி ஆய்வகத்தின் பொறியாளர்கள் ஊரில் தங்கி உதவினார்கள். முதலில் கட்டிய நூறு வீடுகளை அவர்கள் ஆராய்ந்தபோது, சராசரியாக வழக்கமான வீட்டைவிட 40 சதவீதம் குறைவாகவே எரிசக்தி செலவானது. பெரிய பொதுக் கட்டடங்கள் 13இல் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 2,00,000 டாலர் மிச்சம். பட்ஜெட்டை எண்ணி எண்ணிப் போடும் சிறிய ஊருக்கு அது சின்னத் தொகை இல்லை.

கிரீன்டவுன் அமைப்பு கட்டிய மாதிரி வீடு ஒன்றைச் சொல்ல வேண்டும். தானியக் கோபுரம் போலவே வட்டமான கான்கிரீட் சுவரோடு அதைக் கட்டினார்கள். புயலுக்கு மறுநாள் காலையில் எது நின்றது என்பதை ஊரே பார்த்திருந்தது. அந்தக் காட்சியிலிருந்து வந்த வீடு அது.

ஜனாதிபதி புஷ் புயலுக்கு ஐந்து நாளில் வந்தார், மறு ஆண்டு நினைவு நாளில் பள்ளியின் பட்டமளிப்பில் பேசவும் வந்தார். 2009 பிப்ரவரியில் ஒபாமா நாடாளுமன்றத்தில் பேசும்போது இந்த ஊரை முன்மாதிரியாகச் சொன்னார். தொலைக்காட்சித் தொடர் வந்தது. இவை பற்றி நிறையவே எழுதிவிட்டார்கள், நான் நீட்டவில்லை.

திரும்பி வராதவர்கள்

2010 கணக்கெடுப்பில் கிரீன்ஸ்பர்க்கின் மக்கள்தொகை 777. பத்து ஆண்டுக்கு முன்பிருந்ததில் பாதி.

இந்த எண்ணைக் காட்டி ‘பார், பசுமை தோற்றது’ என்று சொல்பவர்களும் உண்டு. இந்த எண்ணைச் சொல்லாமலே பாராட்டுபவர்களும் உண்டு. இரண்டும் நியாயமில்லை. பாதிப் பேர் ஏன் வரவில்லை என்பதற்கான விடை காற்றாலையிலோ ஜன்னலிலோ இல்லை. பணம் எந்த வழியாக வந்தது என்பதில் இருக்கிறது.

பேரழிவுக்குப் பிறகு பொதுக் கட்டடம் ஒன்றை மறுபடி கட்ட மத்திய அரசு செலவின் பெரும்பங்கைத் தரும். பள்ளி, மருத்துவமனை, நகராட்சி, மின்கம்பிகள் எல்லாம் இந்த வழியில் வந்தன. நன்கொடையும் கடனும் மேலே சேர்ந்தன. தனியார் வீட்டுக்கு அப்படி இல்லை. வீட்டுக்காரருக்கு இன்சூரன்ஸ், அதற்கு மேல் உச்சவரம்பு போட்ட ஓர் உதவித்தொகை. தேயும் ஊரில் பழைய மரவீட்டின் சந்தை மதிப்பு மிகக் குறைவு. கடன் எல்லாம் தீர்ந்து, சொந்தமாக, குறைந்த செலவில் முதியவர்கள் வாழ்ந்த வீடுகள் அவை. வீட்டின் மதிப்புக்கு ஏற்ற காப்பீட்டுத் தொகை கையில் வந்தால், அதை வைத்து அதே இடத்தில் புது வீடு எழுப்ப முடியாது. எழுபது எண்பது வயதில் மறுபடி வீட்டுக்கடனா? அவர்கள் பிராட்டுக்கோ, பிள்ளைகள் இருக்கும் நகரத்துக்கோ போய்விட்டார்கள். அங்கே மரநிழலோடு கட்டிய வீடு தயாராக இருந்தது.

வாடகைக்கு இருந்தவர்கள் நிலை இன்னும் மோசம். அவர்கள் இருந்த மலிவான வீடுகள் போயின, வீட்டுச் சொந்தக்காரர்கள் மறுபடி கட்டவில்லை. கட்டினாலும் பழைய வாடகைக்குக் கட்டுப்படியாகாது. பிறகு குறைந்த வருமானக்காரர்களுக்கான அடுக்குவீடுகள் வந்தன, மென்னோனைட் கிறிஸ்தவ சபையின் தொண்டர்கள் வந்து வீடு வீடாகக் கட்டிக் கொடுத்தார்கள், அமெரிகார்ப்ஸ் என்ற அரசுத் தொண்டுத் திட்டத்தின் இளைஞர்கள் இடிபாடு அள்ளினார்கள். ஆனால் அதற்குள் பல குடும்பங்கள் வேறு ஊரில் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்து, வேலை தேடிக்கொண்டு விட்டன. திரும்பி வருவது என்பது இன்னொரு முறை இடம்பெயர்வது.

ஆக, ஊர் பொதுவானதை முதலில் கட்டியது. தனியாருடையது பின்தங்கியது. இது ஒரு பக்கம் ஊரின் தேர்வு, இன்னொரு பக்கம் அரசு நிதி ஓடிய வாய்க்காலின் போக்கு. நான் இந்தத் தேர்வைக் குறை சொல்ல மாட்டேன். பள்ளி இல்லாத ஊருக்கு இளம் குடும்பம் வராது. மருத்துவமனை மூடிய கவுண்டியில் முதியவர் தங்க முடியாது. புயலுக்குப் பின் முதல் ஆகஸ்டிலேயே தற்காலிகக் கொட்டகைகளில் வகுப்பை ஆரம்பித்தார்கள். மேற்கே பத்து மைலில் இருந்த மல்லின்வில் பள்ளியோடு பிறகு இணைந்து ‘கயோவா கவுண்டிப் பள்ளி’ ஆனது. பொதுவாக அமெரிக்கச் சிற்றூரில் பள்ளி இணைப்பு என்றாலே சண்டை, எந்த ஊர்ப் பெயர் நிற்கும், எந்தக் கால்பந்து அணி மிஞ்சும் என்று. இங்கே இணைப்பு நடந்தது. பள்ளிக் கட்டடத்தை ஊருக்கு வெளியே வயலில் போடாமல், கடைவீதிக்கு நடந்து போகும் தூரத்தில் வைத்தார்கள். புது ஊர் எப்படி இருக்க வேண்டும் என்று யோசித்தவர்களின் கை அதில் தெரிகிறது.

குறை சொல்ல வேண்டுமானால் இதைச் சொல்வேன்: வாடகை வீடுகளுக்கும் முதியவர்களின் சிறு வீடுகளுக்கும் முதல் ஆண்டிலேயே தனியாக நிதி ஒதுக்க வழி இருந்திருக்க வேண்டும். அந்த வழியை உருவாக்குவது 1,500 பேர் ஊரின் கையில் இல்லை. மாநிலத்தின் கையிலும் மத்திய அரசின் கையிலும் இருந்தது. பசுமைக் கட்டடத்துக்குப் பாராட்டு கிடைத்த அளவு, இந்த ஓட்டைக்குக் கவனம் கிடைக்கவில்லை. 2011 மே மாதம் மிசூரியின் ஜோப்ளின் நகரம் இன்னொரு இஎஃப்5 சுழலில் சிதைந்தபோது, ஆலோசனை சொல்லக் கிரீன்ஸ்பர்க்காரர்கள் போனார்கள்.

பெரிய கிணறு புயலில் தப்பியது. மேலே இருந்த அருங்காட்சியகம் போயிற்று, விண்கல்லை இடிபாட்டுக்குள்ளிருந்து மீட்டார்கள். 2012 மே மாதம் புதிய அருங்காட்சியகத்தைத் திறந்தார்கள். கிணற்றைச் சுற்றியே வட்டமாக அமைந்த கட்டடம். உள்ளே சுழல் படிக்கட்டில் இறங்கிப் போனால் 1888இல் அடுக்கிய மெடிசின் ஆற்றுக் கல் வரிசை வரிசையாகத் தெரியும். அதே கட்டடத்தில் மே 4 பற்றிய காட்சிகளும் இருக்கின்றன.

2020இல் மறுபடி எண்ணினார்கள். 740. பத்து ஆண்டில் 37 பேர் குறைவு. 1990க்கும் 2000க்கும் இடையில், புயல் எதுவும் வராத பத்து ஆண்டில், இதே ஊர் 218 பேரை இழந்திருந்தது. விகிதத்தில் பார்த்தால் அப்போது நூற்றுக்கு 12, இப்போது நூற்றுக்கு 5கூட இல்லை. இந்த வேகக் குறைவுக்குப் பள்ளியும் மருத்துவமனையும் எவ்வளவு காரணம் என்று ஒரே ஊரின் எண்ணை வைத்து அறுதியிட முடியாது. ஆனால் அந்தக் கூடாரத்தில் உட்கார்ந்து ‘யாருக்காக’ என்று கேட்டவர்களுக்கு, ஊர் தேயும் வேகம் குறைந்திருக்கிறது என்ற அளவில் இது ஒரு பதில்.